இடது பக்கத்து சீட்

யாங்கோனில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு கண்தான் வேலை செய்யும். ஐம்பது வருடத்துக்கு முன்னால், ஆட்சியில் இருந்தவருக்கு என்ன தோன்றியதோ, இடது பக்கம் போய்க்கொண்டிருந்த ஊரை வலது பக்கம் போகச் சொல்லிவிட்டார். ஊர் மாறியது, ஸ்டியரிங் மாறவில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன வண்டியிலும் சரி, ஜப்பான்காரன் பிறகு அனுப்பிய வண்டியிலும் சரி, டிரைவர் பெரும்பாலும் இன்றைக்கும் வலது கோடியில் நடைபாதையை உரசிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு லாரி போனால் அதைத் தாண்டலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியாது. இடது பக்கம் இருப்பவன் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பஸ் கண்டக்டர்கள் "ஸ்வே, ஸயா, ஸ்வே!" என்று கத்தியதெல்லாம் அதற்குத்தான். இழுத்து விடு வாத்தியாரே, ரோடு காலி என்று அர்த்தம்.

பெத்தபெருமாள் செட்டியாரின் பச்சை எம்.ஜி. காருக்கு அந்த இன்னொரு கண், தனசேகரன். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அவன் அந்தக் காரின் இடது பக்கத்தில்தான் இருப்பான். அந்த உத்தியோகத்தை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனாக எடுத்துக்கொண்டான். கொடுத்ததைக்கூட மனிதன் திருப்பிக் கொடுத்துவிடுவான், தானாக எடுத்துக்கொண்டதை விடவே மாட்டான்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செட்டியாரின் தாத்தா சுதந்திரம் வந்த வருடம் கப்பலில் வரவழைத்தது. நீள மூக்கு, கம்பி வைத்த உயரமான சக்கரங்கள், முன்பக்கம் மடக்கிப் படுக்க வைக்கக்கூடிய கண்ணாடி, இரண்டே இரண்டு சீட். மூன்றாவது ஆளுக்கு அதில் இடம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும், மிச்சக் கதை தானாக வந்துவிடும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. டிரைவருக்கு நேரே இருப்பது இஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர். வேகம் காட்டும் மீட்டரை இடது பக்கத்தில், சும்மா வருகிற ஆளுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஏன் அப்படிச் செய்தான் என்று தனசேகரன் ஆராய்ந்ததில்லை. தனக்காகத்தான் செய்தான் என்று வைத்துக்கொண்டான்.

யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் செட்டியாருக்கு ஆணி, தாழ்ப்பாள், கம்பி விற்கிற கடை. கடைக்குப் பின்னால் கார். இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில், தனசேகரன். அவனுக்கு கியாக்டடாவில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் பான்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் பழைய இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளைக் கிளறி, கிடைத்ததைக் கட்டிக்கொண்டு செட்டியார் கடைக்கு வந்துவிடுவான். சண்டை முடிந்து சும்மா கிடந்த விமான மைதானங்களில் வைக்கோல் கட்டு அடுக்கி வெள்ளைக்காரர்கள் பந்தயம் விட்ட காலத்துப் படங்கள். தோல் தொப்பி, பெரிய கண்ணாடி, முகமெல்லாம் எண்ணெய்ப் புகை, பல் மட்டும் வெள்ளை. இருவரும் தலையோடு தலை முட்டப் பார்ப்பார்கள். இங்கே மிங்கலாடோன் விமான மைதானத்திலும் அப்படி ஒரு பந்தயம் நடந்தது, அதில் எங்கள் தாத்தா ஓட்டினார் என்பார் செட்டியார். ஓட்டினாரா, வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தாரா என்பதில் அவர்கள் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி.

தனசேகரனுக்குப் பிடித்த படம் வேறு. ஐம்பத்தைந்தாம் வருடம் இத்தாலியில் ஆயிரம் மைல் பந்தயம். ஜெயித்தது ஓர் இங்கிலீஷ்காரன். உலகமே அவன் பெயரைச் சொல்லும். ஆனால் பக்கத்து சீட்டில் தாடியோடு ஒருவர் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு கையைக் காட்டிக்கொண்டே வந்தார். இந்த வளைவு கடுசு, இந்த மேடு பயமில்லை, போ, போ, போ. அவர் கையை நம்பித்தான் ஓட்டினவன் கண்ணை மூடிக்கொண்டு மேட்டைத் தாண்டினான். தனசேகரன் தாடி வளர்க்கவில்லை. சத்யபாமா விடமாட்டாள். மற்றபடி தான் அவர்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது.

அந்தக் காரின் உயிரைக் காப்பாற்றியதும் அவன்தான். பழைய வண்டியை அரசாங்கத்திடம் ஒப்படைத்தால் புது வண்டி இறக்குமதி செய்ய அனுமதி தருகிறார்கள் என்று ஒரு வருடம் ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. நல்ல நல்ல ஆஸ்டினும் ஹில்மனும் மோரிசும் வரிசையில் போய் நின்று இரும்பாகிப் போயின. செட்டியாருக்கும் சபலம் தட்டியது. தனசேகரன் இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னையும் சேத்து நசுக்கச் சொல்லுங்கண்ணே" என்றான். சாப்பாட்டு நேரம் தாண்டியும் இறங்கவில்லை. செட்டியார் சிரித்து, சலித்து, கடைசியில் விட்டுவிட்டார்.

ஆகையால் காருக்குச் சொந்தக்காரர் செட்டியார், சீட்டுக்குச் சொந்தக்காரன் தான் என்பது அவன் கணக்கு. அவன் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், செட்டியாரின் தாத்தா மூட்டைக்குச் சொந்தக்காரர். வேறு எங்கே போனாலும் செட்டியார் ஒரு படி மேலே, அவன் ஒரு படி கீழே. கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையில் பெயர் போடுவதிலிருந்து கல்யாணப் பந்தியில் உட்காருவது வரை அப்படித்தான். அந்தக் காரில் மட்டும் இரண்டு சீட்டும் ஒரே உயரம்.

மழை விட்டு, குளிர் வரலாமா என்று எட்டிப் பார்க்கிற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு அவன் கடைக்குப் போனான். கார் வெளியே நின்றது. முன் விளக்கில் நாட்டுத் தெய்வத்துக்குக் கட்டுகிற சிவப்பு வெள்ளைத் துணி, சக்கரத்தடியில் நம்ம காளிக்கு வைக்கிற எலுமிச்சம்பழம், எல்லாம் இருந்தது. இடது பக்கத்து சீட்டில் உமையாள் ஆச்சி இருந்தாள்.

ஆச்சி, செட்டியாரின் மனைவி. தலையில் முக்காடு மாதிரி ஒரு சில்க் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மடியில் கைப்பை. ஏதோ கோயிலுக்குப் போகிறாள், இறக்கிவிட்டு வந்துவிடுவார் என்றுதான் முதலில் நினைத்தான்.

செட்டியார் துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். "தனா, இன்னிக்கு உமையா கூட வர்றேங்குறா. ஒரு ரவுண்டு. அடுத்த வாரம் நம்ம பாத்துக்குவோம், என்ன?"

"அதுக்கென்னண்ணே, தாராளமா" என்றான் தனசேகரன். வாய் சொல்லிவிட்டது. வயிறு சொல்லவில்லை.

அடுத்த வாரமும் ஆச்சிதான். அதற்கடுத்த வாரம் அவன் போகவில்லை, மாடி பால்கனியிலிருந்து பார்த்தான். சந்தைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பச்சைக் கார் போனது. இடது பக்கத்திலிருந்து ஒரு வளையல் கை வெளியே நீண்டு, முன்னால் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவைத் தாண்டலாம் என்று சாடை காட்டியது. அந்தக் கையைப் பார்த்ததும் தனசேகரனுக்குப் பற்றி எரிந்தது. வேறு எவனாவது அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திட்டலாம். ஒருத்தருடைய சொந்தப் பெண்டாட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்ததற்குப் பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் வைத்திருந்தால் புளித்துப் பொங்குகிறது.

சத்யபாமாவுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "என்ன, செட்டியார் வீட்ல உங்க உத்தியோகம் போயிருச்சா?" என்றாள்.

"எனக்கென்ன வந்துச்சு. அந்த ஆச்சிக்கு ரோட்டைப் பாத்துச் சொல்லத் தெரியுமா? எங்கயாவது கொண்டுபோய் முட்டப்போறாங்க."

"ஞாயித்துக்கெழம வீட்ல உக்காந்தா எப்பிடி இருக்கும்னு இப்பத்தான் உங்களுக்குத் தெரியுது" என்றாள் சத்யபாமா. "எனக்கு இருபது வருசமாத் தெரியும்." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தனசேகரன் காதில் அது விழுந்தது, மனசில் விழவில்லை. அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் இக்பால் பாய் இந்த வருடத்துக் கார் ஓட்டத்தை அறிவித்தார். ஊரில் மிஞ்சிய பழைய இங்கிலீஷ் வண்டிக்காரர்களை ஒன்று சேர்த்து வைத்திருப்பவர் அவர். கூட்டம் பெரிதானால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், பெட்ரோலுக்கும் வரிசை, ஆகையால் ஏழெட்டு வண்டி மட்டும். சிரியம் பாலத்தைத் தாண்டி கியாக்தானில் ஆற்று நடுவில் இருக்கும் புத்தர் கோயில், அந்தப் பகோடா வரைக்கும். வேகப் பந்தயம் இல்லை. கிழட்டு வண்டிகள் வேகம் போனால் பாகம் பாகமாகத்தான் வீடு திரும்பும். மணிக்கு முப்பது மைல் என்று சொன்னால் முப்பதிலேயே போக வேண்டும், அவ்வளவுதான். வழியில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்பார். சீக்கிரம் வந்தாலும் தோல்வி, லேட்டாக வந்தாலும் தோல்வி. மூன்று வருடமாகக் கோப்பை எம்.ஜி.க்குத்தான். வேகத்தைப் படித்துச் சொல்கிறவன் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லட்டுமே என்று தனசேகரனும் கேட்டுக்கொண்டான்.

இந்த வருடம் செட்டியார் கூப்பிடுவார் என்று காத்திருந்தான். விளையாட்டு வேறு, ஓட்டம் வேறு. செட்டியார் கூப்பிடவில்லை. இக்பால் பாய்தான் கூப்பிட்டார், ஊர் வழக்கப்படி பெயருக்கு முன்னால் அண்ணன் என்று ஒரு 'கோ' போட்டு. "கோ தனா, நீங்க சும்மாதானே இருக்கீங்க? நடுவழியில கொடி புடிச்சு டைம் பாருங்க." சும்மாதானே என்ற சொல் முள்ளாகக் குத்தியது.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் உமையாள் ஆச்சியே அவன் வீட்டுக்கு வந்தாள், மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க. கையில் ஒரு டப்பா தேன்குழல். அதைச் சத்யபாமாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள்.

"கோ தனா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த சீட்ல உக்காந்தா என்னென்ன பாக்கணும், எப்ப என்ன சொல்லணும்னு எனக்கு ஒண்ணு விடாம சொல்லுங்க. அவரு உங்ககிட்டத்தான் கேக்கச் சொன்னாரு."

இடத்தைப் பிடித்ததும் இல்லாமல் சாவியையும் கேட்கிறாளே என்று அவனுக்கு இருந்தது. ஆனால் தனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னால் மறுக்கவும் முடியவில்லை. அதில் ஒரு சுகம் இருந்தது. சொன்னான். லாரியைப் பார்க்காதீங்க ஆச்சி, லாரிக்கு அடியில தெரியிற வெளிச்சத்தைப் பாருங்க. எதிர்ல வர்றவன் தூரத்துல இருந்தாலும் தூசி முன்னாலயே வரும். ஒரு தடவை பாத்துப் போகலாம்னு சொல்லாதீங்க, ரெண்டாவது தடவை பாத்துட்டுச் சொல்லுங்க. 'போகலாம்னு நினைக்கிறேன்'னு சொல்லக் கூடாது. போ, இல்லன்னா போகாதே. ரெண்டே வார்த்தை. ஆச்சி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். சில இடத்தில் மறுபடி கேட்டாள். கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அவ்வளவுதானா, கோ தனா?"

அவ்வளவு இல்லை. ஒன்று பாக்கி இருந்தது. அசல் அளவு டயர் கிடைக்காமல் கொஞ்சம் குட்டையான டயர் போட்ட நாளிலிருந்து அந்த வேக மீட்டர் பொய் சொல்கிறது. ஊசி முப்பதில் நிற்கும்போது வண்டி ஓடுவது இருபத்தாறில்தான். மைல் கல்லை வைத்துப் பார்த்து அவன் கண்டுபிடித்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஊசி முப்பத்துநாலுக்கு வரும்போது, "முப்பதுண்ணே, அப்படியே புடிங்க" என்பான். மூன்று வருடக் கோப்பையும் அந்த நாலு மைலில் இருந்தது.

தனசேகரன் தேன்குழல் டப்பாவைப் பார்த்தான். "அவ்வளவுதான் ஆச்சி" என்றான்.

அவள் அவனைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ரொம்ப உபகாரம்" என்று எழுந்துவிட்டாள்.

அவள் போனதும் அவனுக்குப் பழத்தோட்டத்தில் திருடிவிட்டு அகப்படாமல் வந்தவன் மாதிரி ஒரு குதூகலம். போகட்டும். முப்பது முப்பது என்று சொல்லிக்கொண்டே இருபத்தாறில் உருளட்டும். எல்லாருக்கும் பின்னால் வந்து நிற்கட்டும். அப்போது தெரியும், அந்த சீட் யாருடையது என்று. செட்டியாரே வந்து, தனா, நீ இல்லாம ஆகலப்பா என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயார் பண்ணி வைத்தான். பெருந்தன்மையாக ஒரு பதில்.

ஓட்டத்தன்று அவனைக் கியாக்தான் சாலையில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், கொடியும் கடிகாரமுமாக இறக்கிவிட்டுப் போனார்கள். நல்ல காலை. வயலில் அறுவடை முடிந்திருந்தது. அந்தச் சாலை ஒரு வண்டி போக, ஒரு வண்டி வர. செங்கல் லாரியும் மூங்கில் லாரியும் ஓயாமல் போயின.

முதலில் இக்பால் பாயின் மோரிஸ் வந்தது, சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி. பின்னால் ஒரு ஹில்மன். அப்புறம் மேல்மூடி கிழிந்த ஒரு சன்பீம், புகையைக் கக்கிக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் கொடியை ஆட்டி நேரத்தைக் குறித்தான். எம்.ஜி. வர வேண்டிய நேரம் வந்தது, போனது. அவன் சிரித்துக்கொண்டான். நாலு மைல் பொய்க்கு எவ்வளவு தாமதம் ஆகும் என்று அவன் ஏற்கெனவே மனசில் போட்டுப் பார்த்திருந்தான். அந்த நேரமும் வந்தது. ரோட்டையே பார்த்தான். செங்கல் லாரி ஒன்று, பஸ் ஒன்று. பச்சை எதுவும் வரவில்லை.

அதற்குப் பின்னால் கிளம்பியிருக்க வேண்டிய ஆஸ்டின்கூட வந்து தாண்டிப்போனது. ஓட்டியவர் ஏதோ கையைக் காட்டிக் கத்தினார், என்னவென்று புரியவில்லை.

அப்போதுதான் தனசேகரனுக்கு அது உறைத்தது. தாமதம் மட்டுமா அந்த நாலு மைல்? லாரியைத் தாண்டும்போது செட்டியார் கேட்பார், வேகம் எவ்வளவு? அவன் எண்ணைச் சொல்வான், அந்த எண்ணை நம்பித்தான் அவர் வெளியே எடுப்பார். நாப்பது என்று ஆச்சி சொல்வாள். வண்டி நாப்பதில் இருக்காது. எதிரில் பஸ் வருவதற்குள் தாண்டி முடிந்துவிடும் என்று நினைத்த இடத்தில் லாரி இன்னும் பக்கத்திலேயே இருக்கும். அந்தக் காருக்குக் கூரை கிடையாது. பக்கத்தில் இடுப்புயரத்துக்குக்கூடக் கதவு கிடையாது. தோற்க வேண்டும் என்றுதானே நினைத்தேன், காளியாத்தா, தோற்க வேண்டும் என்று மட்டும்தானே நினைத்தேன்.

கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த மோட்டார் சைக்கிள் டாக்ஸியை நிறுத்தி ஏறினான். சிரியம் பக்கம் திரும்பிப் போகச் சொன்னான். வழியில் எங்கேயாவது கூட்டம் தெரிகிறதா என்று பார்த்தான். ஓரிடத்தில் கூட்டம் தெரிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். சந்தை.

அதைத் தாண்டி ஒரு வளைவு. வளைவில் ஒரு டீக்கடை. சாலை ஓரமாக நின்ற மூங்கில் லாரிக்கு முன்னால், ஒரு கீறல்கூட இல்லாமல், பச்சைக் கார் நின்றுகொண்டிருந்தது.

இருவரும் உள்ளே, தரையோடு தரையாக இருக்கும் குட்டி ஸ்டூல்களில். ஆச்சி மீன் குழம்பு ஊற்றிய சேமியா, மொஹிங்கா, ஒரு கிண்ணத்தை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். செட்டியார் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இருபது வருடத்தில் அவர் அப்படிச் சிரித்துத் தனசேகரன் பார்த்ததில்லை. காரில் செட்டியாரும் அவனும் பேசியதெல்லாம் வேகம் எவ்வளவு, முப்பது, போகலாமா, போங்கண்ணே, அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறார்களே என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி முழுசாக இறங்குவதற்குள் பழைய எரிச்சல் எழுந்து உட்கார்ந்துகொண்டது. மனசு எவ்வளவு கேவலமான சாமான் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"அட, தனா! கொடியோட வந்துட்டியே! நாங்க தோத்துட்டோமா?" செட்டியார் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். "உமையா டீ குடிக்கணும்னா. நிறுத்தினேன். அப்புறம் மொஹிங்கா வாசம் வந்துச்சு, ஓட்டம் எங்க போச்சுன்னு தெரியல. உக்காரு, உக்காரு. நான் போய் ரேடியேட்டருக்குத் தண்ணி வாங்கிட்டு வர்றேன்."

அவர் பின்பக்கம் போனார். தனசேகரன் அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். கக்கத்துக் கொடியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆச்சி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வேகமா வந்தீங்க போல இருக்கு. முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"ஆச்சி, அந்த மீட்டர்..." என்று ஆரம்பித்தான். "அந்த மீட்டர் நாலு மைல் கூடக் காட்டும். நான் அன்னிக்கு அதைச் சொல்லல."

"தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவருக்கு டயர் மாத்தின அன்னிக்கே தெரியுமாம். அவரு வண்டிதானே, கோ தனா? 'ஊசி பொய் சொல்லும், தனா மனசுக்குள்ளயே கழிச்சுச் சரியான கணக்கைச் சொல்லுவான், நான் அதைக் கண்டுக்கறதில்ல. நீ அவன்கிட்டப் போய்க் கேளு, ஒண்ணு விடாம சொல்லிக் குடுப்பான், அவன் எங்கிட்ட எதையும் ஒளிக்கற ஆள் இல்ல'ன்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாரு."

டீக்கடைக்காரன் ஒரு டீயைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனான். தனசேகரன் அதைத் தொடவில்லை. இதைவிட வண்டியை எங்காவது இடித்து வைத்திருந்தால் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதற்காகவும் கூசினான்.

"அண்ணனுக்கு..." என்றான். "அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னீங்கன்னு சொன்னேன். மீட்டரைப் பத்தித்தான் மொதல்ல சொன்னீங்கன்னு சொன்னேன். 'பாத்தியா, நான் சொல்லல?'ன்னாரு. ரொம்பச் சந்தோஷம் அவருக்கு."

"எதுக்கு ஆச்சி அப்படிச் சொன்னீங்க?"

உமையாள் ஆச்சி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அந்த வயித்தெரிச்சல் எனக்குப் பழக்கம், கோ தனா. இருபது வருசம் ஞாயித்துக்கெழம காலையில ஜன்னல்ல நின்னு, நீங்க ரெண்டு பேரும் போறதைப் பாத்திருக்கேன். ரெண்டே சீட் உள்ள வண்டி. எம் புருசன் வண்டி. நாம போய்க் கேட்டா சிரிப்பாங்களேன்னு கேக்காமலே இருந்தேன். ஒரு தடவ, அந்த வண்டியை நசுக்கக் குடுக்கலாம்னு இருந்தாரே, அன்னிக்கு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கிட்டேன். நீங்க போய் சீட்ல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டீங்க." அவள் சிரித்தாள். "உங்களுக்கு நான் போட்ட சாபத்துல பாதி பலிச்சிருந்தாலும் நீங்க இன்னிக்கு இங்க உக்காந்திருக்க முடியாது."

ஜன்னலில் நின்ற அந்த உருவத்தை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். காரைக் கிளப்பும்போது மாடியில் ஒரு சேலை நிறம் தெரியும். வழியனுப்புகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை கையைக்கூட ஆட்டியிருக்கிறான். தன் வீட்டு ஜன்னலில் எந்த நிறம் நின்றது என்று அவனுக்கு நினைவில்லை.

செட்டியார் தண்ணீரோடு வந்து ஊற்றி மூடினார். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, "பகோடா வரைக்கும் போயிட்டு வர்றோம் தனா. மீனுக்குப் பொரி போடணுமாம் இவளுக்கு. உனக்கு இடமில்லையேப்பா" என்றார். அதை அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

"நான் பஸ்ல போயிடுவேண்ணே. கொடியைத் திருப்பிக் குடுக்கணும்."

அவர்கள் ஏறிக்கொண்டார்கள். செட்டியார் வலது பக்கம், வயலை உரசிக்கொண்டு. ஆச்சி இடது பக்கம். வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் டிக்டிக்கென்று அடித்து, இஞ்சின் பிடித்தது. ஆச்சி உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். ஓரத்தில் நின்ற மூங்கில் லாரி ரோட்டை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. அவன் சொல்லிக்கொடுத்தபடி லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கேயும் மூங்கில் நுனிகள்தான் தொங்கின.

"கோ தனா, ஒண்ணும் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

தனசேகரன் லாரியைத் தாண்டி ரோட்டில் இறங்கி நின்றான். பொறுங்கள் என்று கையைத் தூக்கினான். ஒரு பஸ் வந்தது, போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு செங்கல் லாரி. மூன்று சக்கர வண்டி ஒன்றில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ரோடு காலியாகிவிட்டது. ஒரு தடவை பார்த்தான். ரெண்டாவது தடவையும் பார்த்தான். வளைவு வரைக்கும் ஒரு நாய்கூட இல்லை.

தூக்கிய கையை அவன் இறக்கவில்லை.

செட்டியார் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என்றைக்கும் திரும்பிப் பார்த்ததில்லை. தனா சொல்வான் என்று முன்னால் பார்த்தபடி, கிளச்சில் காலை வைத்துக் காத்திருந்தார். வண்டி முழுவதும் நடுங்கிக்கொண்டு அவன் ஒரு சொல்லுக்காக நின்றது. ஆச்சி மட்டும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோடு காலி என்று அந்த முகத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் தனசேகரன் கையை இறக்கினான்.

"ஸ்வே, ஸயா" என்றான்.